ஆந்தைக்குப் பவுடர் பூசாமல்

25 ஜனவரி 2025, சனி

மலேசியாவின் பினாங்கில், தண்ணீர்மலைப் பக்கம் ஒரு பெரிய மழைமரத்தில் புள்ளி மர ஆந்தை ஜோடி ஒன்று பகலில் தங்குகிறது. எந்த மரம், எந்தச் சாலை என்று எழுத மாட்டேன், தனியாகவும் கேட்காதீர்கள். ஒரு கூடு இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் அடுத்த வாரமே டார்ச்சும் பிளாஷுமாக ஆள் கூடிவிடுவதைப் பார்த்தவன் நான்.

காட்டிக்கொடுத்தது காக்கைகள். காலையில் காக்கைக் கூட்டம் ஒரே கிளையைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அங்கே பாம்பு இருக்கும், இல்லையென்றால் ஆந்தை இருக்கும். மரத்தடியில் வெள்ளை எச்சம், பக்கத்திலேயே எலும்பும் ரோமமும் கலந்த சின்ன உருண்டைகள். இரையை விழுங்கியபின் செரிக்காததையெல்லாம் ஆந்தை இப்படித் திரட்டிக் கக்கிவிடும். அப்புறம் அண்ணாந்து பார்த்தால், கிளையில் ஒட்டி வளர்ந்த பெரிய பெரணிக்குப் பின்னால் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. காதுமாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இறகுக் கொத்து இதற்குக் கிடையாது, வழுவழுவென்று உருண்டைத் தலை, செம்மஞ்சள் முகம், சாக்லேட் நிற முதுகில் கறுப்பு விளிம்பு கட்டிய வெள்ளைப் புள்ளிகள். கண் அடர் பழுப்பு, தூரத்திலிருந்து கறுப்பாகவே தெரியும். இந்தக் கண்தான் பின்னால் என் உயிரை வாங்கப் போகிறது.

1 பிப்ரவரி, சனி

மரத்தடியில் நின்று படம் எடுத்தால் வயிறும் தாடையும்தான் கிடைக்கும், பின்னால் வெள்ளை வானம், ஒவ்வொரு இலை ஓரத்திலும் ஊதாக் கோடு. அதனால் சாலை மேடேறும் இடத்துக்கு நடந்து போய்விட்டேன். தூரம் கூடியது, ஆனால் கிளையும் நானும் ஏறக்குறைய ஒரே உயரம், பின்னணியில் வானத்துக்குப் பதில் மலைச்சரிவின் கரும்பச்சை. 600 மி.மீ. லென்ஸ், எப் 6.3 (லென்ஸ் துளையின் அளவு), முக்காலி. சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த நிழலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 3200 வைத்தாலும் ஷட்டர் வேகம் 1/40 வினாடிக்கு மேல் ஏறவில்லை. மீன்கொத்தியை இந்த வேகத்தில் எடுக்கவே முடியாது. ஆந்தை தூங்குகிறது, அதனால் முடிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டர், இரண்டு வினாடி டைமர், கேமராவில் கை படக்கூடாது, லாரி போகும்போது அழுத்தக்கூடாது, அவ்வளவுதான். எல்லாம் ரா கோப்பில்தான், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஜேபெக்கில் நிழல் பகுதியைத் தூக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

வழியில் தினமும் நடைப்பயிற்சிக்கு வரும் சீன அங்கிள் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பிளாஷ் போட்டா கிளியரா வரும்லா" என்றார். வரும்தான். இருட்டுக்காக விரிந்திருக்கிற கண்ணில் பளீரென்று அடிக்க எனக்கு மனசு இல்லை. போனில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் எனக்கு அப்படித்தான், வேறு ஆந்தை தன் இடத்துக்குள் வந்துவிட்டதென்று அது வீணாக அலையும்.

6 பிப்ரவரி, வியாழன்

நேற்று நடுராத்திரி சீனர்களின் தீ கோங் (வானுலகத் தெய்வம்) பூஜை, ஊர் முழுக்கப் பட்டாசு. ஆந்தைகள் பறந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். இரண்டும் அதே கிளையில், ஒன்று ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

8 பிப்ரவரி, சனி

இன்று வெளியே போகவில்லை, கணினி முன்னால்தான் நாள் போனது.

நாய்ஸ், அதாவது இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவிய மாதிரி தெரியும் புள்ளிகள், குறைக்க இப்போது எல்லாரும் ஏஐ பொத்தானைத்தான் அழுத்துகிறார்கள். நானும் அழுத்திப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் படம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, ஆஹா என்றுதான் முதலில் தோன்றியது. 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலப்படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வயிற்றுக் குறுக்குக் கோடுகள் உண்மையில் விட்டுவிட்டுப் போகின்றன, மென்பொருள் அவற்றை அழகாகச் சேர்த்துவைத்திருந்தது. முதுகுப் புள்ளிகளைச் சுற்றிய கறுப்பு விளிம்பு சில இடத்தில் காணவே இல்லை. இந்த மென்பொருள் வேறு ஆயிரம் படங்களைப் பார்த்துப் பழகியது, தகவல் போதாத இடத்தில் இப்படித்தான் இருக்கும் என்று தானே நிரப்பிவிடுகிறது. கல்யாண ஆல்பத்துக்கு ஓகே. இறகின் வரியை வைத்துத்தான் இனத்தையே அடையாளம் சொல்கிறோம், அங்கே கற்பனை வரி எனக்கு வேண்டாம்.

மாற்று வழி பழசு, வானியல்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. ஒரே காட்சியைப் பல பிரேம் (தனித்தனிப் படம்) எடுத்துச் சராசரி காண்பது. நாய்ஸ் ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு இடத்தில் விழும், இறகு அதே இடத்தில் இருக்கும். எத்தனை பிரேமோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு நாய்ஸ் குறையும், அதாவது 4 பிரேமுக்குப் பாதி, 16 பிரேமுக்குக் கால். போட்டோஷாப்பில் எல்லாவற்றையும் லேயராக ஏற்றி, ஆட்டோ அலைன் கொடுத்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, ஸ்டாக் மோடில் மீடியன் (நடு மதிப்பு) வைத்தால் போதும். மீடியன் வைப்பதற்குக் காரணம் உண்டு, ஏதோ ஒரு பிரேமில் கொசு குறுக்கே போயிருந்தால் அதை அது தள்ளிவிடும். தலை திரும்பிய பிரேமை முதலிலேயே கழித்துவிட வேண்டும். ஆந்தையின் கண் குழிக்குள் அசையாது, எதைப் பார்ப்பதானாலும் முழுத் தலையும் திரும்பியாக வேண்டும், அதனால் கழிப்பது சுலபம். காற்றில் ஆடிய இலைகள் மட்டும் குழம்பிப்போகும், அங்கே மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து ஒரே பிரேமின் இலையை வைத்துக்கொண்டேன்.

முடிவு கண்ணாடி மாதிரி இல்லை. கொஞ்சம் மணல் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு கோடும் அந்த ஆந்தையின் கோடு.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். தண்ணீர்ப் பந்தல்களில் வைத்த ஸ்பீக்கரில் நெஞ்சுக்கூடே அதிர்கிறது. அம்மாவோடு தண்ணீர்மலைக் கோயிலின் 513 படியும் ஏறி இறங்கியதில் முழங்கால் போய்விட்டது. கேமராவைத் தொடவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

நிறம். மழைமர நிழலில் ஒளி இலைகளுக்குள் புகுந்து வருவதால் ஆந்தை முழுக்கப் பச்சை பூத்துக் கிடக்கிறது. முதுகின் வெள்ளைப் புள்ளியில், இதுதான் வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் டிராப்பரை வைத்துக் கிளிக் செய்தால் பச்சை மாயமாகிவிடும், கூடவே முகம் ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி ஆரஞ்சாகிவிடும். பச்சையைக் கூட்டிக் குறைக்கும் டின்ட்டைப் பாதி வழியில் நிறுத்தினேன். மரத்துக்குள் இருக்கும் பறவை மேல் மரத்தின் நிறம் கொஞ்சம் இருக்கட்டுமே.

வெளிச்சமும் இப்படித்தான். நண்பர் ஒருவருக்குப் படத்தை அனுப்பினேன், அவர் தன் போனிலேயே ஷேடோவை (நிழல் பகுதியை) முழுக்கத் தூக்கித் திருப்பி அனுப்பினார், "இப்பப் பாரு, எவ்ளோ பிரைட்டு!" சாயங்கால ஆந்தை மத்தியான ஆந்தையாகியிருந்தது, கல்யாணத்துக்குப் பவுடர் பூசிய மாப்பிள்ளை கணக்காக. பின்னணியை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பு, இறக்கினால் பாதி) குறைத்து, முகத்தை மட்டும் கால் ஸ்டாப் ஏற்றி அவருக்கே மறுபடி அனுப்பினேன். "ம்ம்" என்று மட்டும் பதில் வந்தது.

23 பிப்ரவரி, ஞாயிறு

கண். கறுப்பாகக் கிடக்கும் கண்ணில் ஒரு வெள்ளைப் பொட்டு இல்லையென்றால் அடைத்த பொம்மை மாதிரிதான் இருக்கும். பிரஷ் எடுத்து இரண்டு பொட்டு வைப்பவர்கள் உண்டு, இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் இருக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும். கண்ணில் மின்னுவது பறவைக்கு முன்னால் இருக்கிற வானம். அதனால் சாலையோரம் கிளைகளுக்கு நடுவே திறந்த இடமாகப் பார்த்து, அந்த வானம் என் முதுகுப் பக்கம் வரும்படி நின்றேன். ஏழே கால் வாக்கில் ஒரு ஆந்தை எழுந்து சோம்பல் முறித்தது, தலையை இந்தப் பக்கம் திருப்பியது, அந்த ஒரே பிரேமில் இரண்டு கண்ணிலும் வானம் விழுந்தது. ஒரே பிரேம் என்பதால் சராசரி வேலைக்கு வழியில்லை, நாய்ஸ் அப்படியே இருக்கிறது. நாய்ஸைக் குறைக்கும் லூமினன்ஸ் ஸ்லைடரை 25 வரை மட்டும் நகர்த்தி, கூர்மையாக்கும் ஷார்ப்னிங் மாஸ்க்கை இறகு ஓரங்களுக்கு மட்டும் வைத்து விட்டுவிட்டேன்.

அப்புறம் "ஹுஹுஹு, ஹூவ்வ்" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டது. இந்தச் சத்தத்தை அம்மா வீட்டுப் பக்கத்தில் கேட்டால் அன்றைக்கு விளக்கு இரண்டாகும்.

2 மார்ச், ஞாயிறு

ஏ3 அளவில் அச்சுப் போட்டேன். திரையில் நான் அத்தனை பொத்திப் பொத்திக் காத்த இருட்டு, மேட் தாளில் வெறும் கறுப்புக் குட்டையாகிவிட்டது. திரை தானே ஒளி விடும், தாள் அறை வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அச்சுக்கென்று தனிப் பிரதி ஒன்றில் நிழலை அரை ஸ்டாப் தூக்கி மறுபடி எடுத்தேன். ஆமாம், நண்பர் செய்ததும் ஏறக்குறைய இதுதான், அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஹாலில் மாட்டக்கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அப்பா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கெடாவில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தவர், எலியைப் பிடிக்க ஆந்தை வரட்டும் என்று கம்பத்தில் ஆந்தைப் பெட்டி மாட்டிய ஆட்களில் ஒருவர். "இது நம்ம தோட்டத்து ஆந்தை இல்லையேப்பா, அதுக்கு மூஞ்சி வெள்ளையால்ல இருக்கும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவரையே கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்து ஆந்தையான கூகையைப் பார்க்கப் போகிறேன், தோட்ட மேனேஜரிடம் அவர் பேசிவிட்டார். அந்த வெள்ளை மூஞ்சி இருட்டில் சட்டென்று வெளுத்துப்போகும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்கியே தொடங்க வேண்டும்.