அடுப்பில் ஊற்றும் முன் பயோடீசலைச் சோதித்துப் பார்ப்பது

பினாங்கில் என் சித்தப்பாவின் வடைக் கடையில் பொரித்து மிஞ்சும் செம்பனை எண்ணெயை மெத்தனால் என்னும் எரிசாராயத்துடன் வினைபுரியச் செய்து, வீட்டிலேயே பயோடீசல் என்னும் எரிபொருளைத் தயாரித்து வருகிறேன். வண்டிக்காக அல்லாமல் முகாம் அடுப்புக்காகவே தயாரிப்பதால், எனக்குச் சில சோதனைகள் மிகவும் முக்கியம்.

எண்ணெய் முழுவதும் பயோடீசலாக மாறிவிட்டதா என்பதை அறிய, 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் 3 மில்லிலிட்டர் பயோடீசலைக் குலுக்கி வைக்க வேண்டும். நன்கு மாறியது கரைந்து தெளிவாக நிற்கும்; மாறாத எண்ணெய் அடியில் துளியாகத் திரளும். இது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்கென வகுக்கப்பட்ட சோதனை. நம் ஊர் வெக்கையில் மெத்தனால் கூடுதல் எண்ணெயைக் கரைத்துக்கொள்வதால், தேறாததும் தேறியதுபோல் தோன்றும். ஆகவே, குப்பியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். மாறாத எண்ணெய் திரியில் கரியாகப் படிவதோடு, கண்ணைக் கரிக்கும் அக்ரோலின் என்னும் நச்சு ஆவியையும் எழுப்பும்.

அதைவிடப் பெரிய கவலை, தயாரிப்பில் சேர்த்தபின் கழுவப்படாமல் தங்கிவிடும் மெத்தனால். தூய பயோடீசலின் ஆவி தீப்பற்ற 130 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். மெத்தனாலுக்கோ 11 டிகிரியே போதும். சிறிதளவு மெத்தனால் கலந்திருந்தாலும் அந்தப் பாதுகாப்பு பறிபோய்விடும். பகல் வெளிச்சத்தில் மெத்தனாலின் சுடர் கண்ணுக்கே தெரிவதில்லை. எனவே, தண்ணீரில் பல முறை கழுவி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். குடுவைக்குப் பின்னால் பிடித்த நாளிதழின் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் ஈரம் போய்விட்டது எனலாம்; ஆனால், மெத்தனால் போய்விட்டது என்பதற்கு அது சான்றாகாது. அதற்காக, வீட்டுக்கு வெளியே, வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய ஒரு கரண்டி பயோடீசலின் மேல் நீண்ட தீக்குச்சியைக் காட்டுகிறேன். குப்பென்று பற்றினால், அந்தத் தயாரிப்பு முழுவதும் மறுபடி கழுவப்பட வேண்டியதுதான்.

பம்பு அடிக்கும் ஸ்டவுக்கு இந்த எரிபொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகும். பயோடீசல் கொதிக்க 300 டிகிரிக்கு மேல் வேண்டியிருப்பதால், குழாயில் கரி கட்டி ஊசித்துளை அடைபடும். திரி ஸ்டவே பொருத்தமானது. பயோடீசல் மண்ணெண்ணெயைவிடக் கெட்டியானது, திரியில் மெதுவாகவே ஏறும். ஆதலால் தொட்டியை நிரப்பி வைத்து, திரியில் அது ஏற வேண்டிய தூரத்தைக் குறைக்க வேண்டும். ரப்பர் வளையங்கள் ஊதிப்போகக்கூடும் என்பதால் அவற்றையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் சோறு வடிக்க இது தாராளமாகப் போதும். கேமரன் மலையின் இரவுக் குளிரில், 15 டிகிரியை நெருங்கும்போதே, செம்பனை பயோடீசல் கலங்கி உறையத் தொடங்குவதால், அங்கே பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்தே எடுத்துச் செல்கிறேன்.