32 பவுண்டு பீரங்கி, 1:24 அளவில்: குழலும் வண்டியும் முடிந்தன, கயிறு கட்டும் வேலை நடக்கிறது

ஆங்கிலேயப் போர்க்கப்பலான விக்டரியின் கீழ்ப் பீரங்கித் தளத்தில் 30 பீரங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 32 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும். 1805 அக்டோபர் 21 அன்று டிராஃபல்கர் கடற்போரில் பிரெஞ்சுத் தளபதியின் பூசாந்தோர் கப்பலைப் பின்புறமிருந்து துளைத்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றில் ஒன்றைக் கப்பல் சுவரின் ஒரு துண்டோடும் கொஞ்சம் தளத்தோடும் சேர்த்துச் சிறு மாதிரியாகச் செய்யும் வேலை இது.

குழலின் நீளம் 9½ அடி. 1:24-இல் 120.7 மி.மீ. இந்த 9½ அடி என்பது வாயிலிருந்து அடிவளையம் வரை மட்டுமே. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் இதில் சேராது. குமிழையும் சேர்த்து 120 மி.மீ.க்குள் அடக்கினால் குழல் கட்டையாகிவிடும், வண்டியில் வைத்ததும் அது கண்ணில் உறுத்தும். துளை விட்டம் 6.4 அங்குலம், அதாவது 6.8 மி.மீ. குழலின் இருபுறமும் நிற்கும் ட்ரனியன் முளைகளின் விட்டமும் ஏறக்குறைய அதே அளவு. முளைகளைக் குழலின் நட்ட நடுவில் பொருத்தக் கூடாது. அன்றைய ஆங்கிலேயப் பீரங்கிகளில் அவை நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தன. நடுவில் துளையிட்டால் குழல் வண்டிக்குள் புதைந்ததுபோல் உட்காரும்.

குமிழின் மேல் கயிறு நுழைய ஒரு வளையம் வேண்டும். அது புளோம்ஃபீல்ட் என்பவர் வடிவமைத்த ஆங்கிலேயப் பீரங்கி வகையின் அடையாளம். 1782-இல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் மோதிய காலத்துக் கப்பலைச் செய்பவர்கள் அந்த வளையத்தை வைக்க வேண்டாம். அப்போதைய பழைய வகைக் குழலில் கயிறு குமிழின் கழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

வண்டிக்கு மஞ்சக்கடம்பு நன்றாக வருகிறது. தேக்கின் துளைகள் இந்த அளவில் கீறல்போல் தெரியும். பக்கப் பலகையின் கனம் துளை விட்டத்தை ஒட்டியே இருக்கும், ஆகவே இங்கே 6.5 முதல் 7 மி.மீ. வரை. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரியவை. தளம் ஓரத்தை நோக்கிச் சரிவதால் அப்படி. நான்கையும் ஒரே அளவாக வெட்டினால் குழலின் வாய் கவிழ்ந்து நிற்கும். முளையை மூடும் பித்தளைப் பட்டையை வளைப்பதற்கு முன் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டு இளக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் விரிசல் விழும். குழலுக்குப் பளபளக்கும் கறுப்பு வேண்டாம். மங்கல் கறுப்பு அடித்து, விளிம்புகளில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்தால் வார்ப்பிரும்பு தெரியும்.

இனி கயிறு. இந்த மாதிரிக்கு உயிர் கொடுப்பது இதுதான். பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். பீரங்கியின் பின்னுதைப்பைத் தாங்கும் பிரீச்சிங் கயிறு 7 அங்குலம் என்று பட்டியல்களில் இருக்கும். அது சுற்றளவு. விட்டம் 2.2 அங்குலம்தான், 1:24-இல் 2.4 மி.மீ. 7 அங்குலத்தை விட்டமாக எடுத்துக்கொண்டால் கயிறு 7.4 மி.மீ. வரும், பீரங்கிக் குண்டே 6.5 மி.மீ.தான்! பீரங்கியை முன்னே இழுக்கும் பக்கக் கப்பிகளின் கயிறு சுற்றளவில் 3 அங்குலம், ஆகவே 1 மி.மீ. போதும்.

பிரீச்சிங்கின் நீளம் குழலைப்போல் மூன்று மடங்கு: 362 மி.மீ. கட்டுவதற்கும் சேர்த்து 420 வைத்துக்கொள்ளலாம். மூன்று புரியாக முறுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு நீளம் குறையும், அதனால் 650 மி.மீ. புரிகளில் தொடங்குவது பாதுகாப்பு. பாலியெஸ்டர் நூல் விறைத்து நிற்கும், தொங்காது. பருத்தி நூல்தான் சரி. அதன் பிசிறை மெழுகு தடவி அடக்கிவிடலாம். முறுக்கியதும் ஓர் இரவு எடை கட்டித் தொங்கவிட வேண்டும். இல்லையென்றால் வெட்டிய இடத்தில் புரி பிரிந்துவிடும்.

நீளம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. பீரங்கியைப் பின்னே தள்ளிப் பாருங்கள். குழலின் வாய் கப்பல் சுவரின் பீரங்கிச் சாளரத்துக்கு உள்ளே முழுதாக வந்து, குண்டு திணிப்பவன் நிற்க இடம் கிடைக்கும்போது கயிறு விறைக்க வேண்டும். அதற்கு முன்பே விறைத்தால் அந்தப் பீரங்கியில் மறுபடி வெடிமருந்து போட வழியில்லை. பீரங்கி முன்னே தள்ளிய நிலையில் இதே கயிறு வண்டியின் இருபுறமும் தளர்ந்து தொய்ய வேண்டும். நீர் கலந்த ஃபெவிகால் தடவி, ஊசியால் தொய்வை அழுத்திப் பிடித்துக் காயவைத்தால் நிற்கும்.

பிரெஞ்சுக் கப்பலின் பீரங்கி செய்கிறவர்கள் கவனிக்க: அங்கே பிரீச்சிங் கயிறு வண்டியின் பக்கப் பலகைகளில் உள்ள துளை வழியாகப் போகும், ஆகவே பலகையை ஒட்டுவதற்கு முன்பே துளையிட்டுவிட வேண்டும். அவர்களுடைய 36 பவுண்டு என்பதும் பிரெஞ்சு பவுண்டுக் கணக்கு. குண்டு 17.6 கிலோ, ஆங்கிலேயருடையது 14.5 கிலோ. தாக்கும் வேகம் கனமானது, ஆனால் தூக்கித் திணிக்கும் ஆளுக்கு ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ கூடுதல் சுமை.

பக்கக் கப்பிகள் இரண்டும் ஏறிவிட்டன: ஒரு முனையில் இரட்டைக் கப்பி, மறுமுனையில் ஒற்றை. மிஞ்சிய கயிற்றைத் தளத்தில் தட்டையான வட்டச் சுருளாக வைப்பது அழகுதான். ஆனால் போர் நிலையைக் காட்டுவதானால் அது பொருந்தாது, இழுத்துப் போட்ட மடிப்புகளாக விடுவதே சரி. அடுத்தது வண்டியின் பின்பக்கக் கப்பி. கப்பல் உருளும்போது பீரங்கி தானாக முன்னே ஓடாமல் பிடிப்பது அதுதான். அதற்கான தளக் கொக்கியை வண்டிக்கு நேர் பின்னால், நடுக்கோட்டில் பதிக்க வேண்டும்.