சோஷியாலஜி படிக்கிறேன், சி.ஐ.டி. வேலைக்கு இல்லை

பி.ஏ. சோஷியாலஜி (சமூகவியல்), அதில் க்ரிமினாலஜியும் (குற்றவியல்) உண்டு என்று சொன்னால் மும்பை தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வரும் முதல் கேள்வி, "அப்போ சி.ஐ.டி. ஆகப் போறியாம்மா?" மாட்டுங்கா பக்கத்துச் சொந்தக்காரர்கள் கேட்பது வேறு: "தாராவியில இருந்துக்கிட்டு இதைத் தனியா வேற படிக்கணுமா?" சிரித்து வைப்பேன். ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்கர் 1963-ல் இப்படி ஆளைப் பார்த்து முத்திரை குத்துவதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒருத்தர் செய்த காரியத்தைவிட, அவர் மேல் மற்றவர்கள் குத்தும் முத்திரைதான் அவரைக் குற்றவாளி ஆக்குகிறது என்பது அவர் வாதம். முழுசாக ஒத்துக்கொள்ள முடியாது, கொலை கொலைதான். ஆனாலும் விலாசத்தைச் சொன்னதும் இண்டர்வியூ எடுப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்த தாராவிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நடத்தவே வேண்டாம்.

முதல் வருஷம் தர்க்கைம், வெபர், மார்க்ஸ் என்று சமூகவியல் முன்னோடிகளோடு போகும், கொஞ்சம் தூக்கம் வரும். அப்புறம் லோம்ப்ரோசோ வருவார். மண்டை ஓடு, தாடை, காது எல்லாம் அளந்து 'பிறவிக் குற்றவாளி' என்று 1876-ல் எழுதிய இத்தாலிய டாக்டர். வகுப்பே சிரித்தது. அடுத்த ஸ்லைடில் 1871 குற்றப் பரம்பரைச் சட்டம். அதாவது, அவர் எழுதுவதற்கு 5 வருஷம் முன்பே இங்கே வெள்ளைக்காரன் சட்டமே போட்டுவிட்டான், பிறந்த சாதியை வைத்து. 1911-ல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது.

அன்றைக்கு ராத்திரி உசிலம்பட்டியில் இருக்கும் அம்மாச்சிக்குப் போன் போட்டேன். நான் சட்டத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "ரேகைச் சட்டம்னு சொல்லு" என்றார். அவருடைய அப்பா பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்த்தான் படுக்க வேண்டுமாம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும் அதே கதைதான். எந்தத் திருட்டுக்கும் வழக்கு கிடையாது, பெயர் பதிவேட்டில் இருந்தது, அவ்வளவுதான். கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடே நடந்தது. நாடு முழுக்க அந்தச் சட்டம் போனது 1952-ல், அதுவும் சும்மா போகவில்லை, திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்கள் என்று ஆட்களைக் குறித்து வைக்கும் சட்டங்களைப் பின்னால் விட்டுவிட்டுப் போனது. எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம். அமெரிக்காவில் சிகாகோ தெருக்களில் நடந்த குற்ற ஆராய்ச்சிக்கு ஒரு அத்தியாயம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது புள்ளிவிவரம் தான், நம்பினால் நம்புங்கள். ஒரு அசைன்மெண்டுக்காக எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், திருட்டில் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர், புகார் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். பாதிப் பேர் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. ஒரு தம்பி, சயானில் லோக்கல் ரயில் ஏறும்போது சட்டைப் பையிலிருந்து போனை உருவிவிட்டார்கள் என்று எழுதிக் கொண்டுபோய் நின்றிருக்கிறான். அவன் கைக்கு வந்த சீட்டில் 'காணாமல் போனது' என்றுதான் இருந்தது, அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான் பாவம். எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் அந்தத் திருட்டே நடக்கவில்லை. இதற்கு நேர் எதிரும் நடக்கும். அரசு உத்தரவை மீறியதாக அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் போட்ட 188-ஆம் பிரிவு வழக்குகள் 2019-ல் நாடு முழுக்க 29,469, அடுத்த வருஷம் 6,12,179. ஜனங்கள் ஒரே வருஷத்தில் கெட்டுப்போகவில்லை, லாக்டவுனில் வெளியே வந்தார்கள். அதனால் 'குற்றம் அதிகரிப்பு' என்று டி.வி.யில் சிவப்பு எழுத்தில் ஓடினால் முதலில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

சேர யோசிக்கிறவர்களுக்கு ஒன்று. டி.என்.ஏ., ரத்தக் கறை, லேப் இதெல்லாம்தான் ஆசை என்றால் அது ஃபாரன்சிக் சயன்ஸ், ப்ளஸ் டூவில் சயன்ஸ் க்ரூப் எடுத்திருக்க வேண்டும். இங்கே வந்து ஏமாறாதீர்கள். இந்தப் பக்கம் வந்தால் நிறையப் படிக்கணும், நிறைய நடக்கணும், மராத்தியும் ஹிந்தியும் பேசணும். மேலே படிக்க சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியத்திலும் க்ரிமினாலஜி துறை இருக்கிறது, இங்கே மும்பை தேவ்னாரில் டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயன்ஸஸ். நான் பார்த்து வைத்திருப்பது அவர்களுடைய 'பிரயாஸ்' என்ற அமைப்பு, 1990-லிருந்து ஜெயில்களில் வேலை செய்கிறார்கள். 2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள், தண்டனை கிடைக்காதவர்கள். ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமோ கையெழுத்துப் போட ஆளோ இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களும் அதில் உண்டு. அவர்கள் வீட்டைத் தேடிப் போய் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வருகிற மாதிரி வேலைதான் எனக்கு வேணும். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.