சொன்னால் சரியல்ல

"எனது இரண்டாவது மகன் எனது கணவருக்குப் பிறந்தவர் அல்ல என்று சொன்னால் சரியல்ல."

வா.சா.1, அதாவது வாதித் தரப்பின் முதல் சாட்சி, குறுக்கு விசாரணை, மூன்றாம் பக்கம், மேலிருந்து ஏழாவது வரி. வழக்குக் கட்டைப் பார்க்காமலே இன்றும் சொல்வேன்.

நம் கோர்ட் வாக்குமூலத் தமிழ் அப்படித்தான். கேட்டவர் மறைந்துவிடுவார். கேள்வியும் மறுப்பும் சேர்ந்து சாட்சியே தன் வாயால் சொன்னதுபோல் ஒரே வாக்கியமாகிவிடும். படித்துப் படித்துப் பழகிய நமக்கு "சரியல்ல" மட்டும்தான் கண்ணில் படும். ஊரில் நகலை வாங்கிப் படிப்பவருக்கு அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் படும்.

பாகப்பிரிவினை வழக்கு. அந்த அம்மாவும் இரண்டு மகன்களும் வாதிகள், கொழுந்தனார் பிரதிவாதி. எதிருரையில் இருந்தது ஒரே வாதம்: வாய்மொழியாக எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது என்பது. பிறப்பைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அப்போது பழைய சாட்சியச் சட்டம்தான். திருமணம் நிலுவையில் இருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளை என்பதற்கு 112-ஆவது பிரிவின்படி அதுவே முடிவான நிரூபணம். கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று எதிர்த்தரப்பு காட்டினால் மட்டும் கதை வேறு. இங்கே அப்படி யாரும் சொல்லவில்லை. கிளைம் இல்லை, கோர்ட் தீர்க்க வேண்டிய இஷ்யூவும் இல்லை, கேள்வி மட்டும் வந்தது.

கேட்ட எதிர்த்தரப்பு சீனியர் அண்ணன் கெட்டவர் இல்லை. கட்சிக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததைக் கேட்டார். நாமும் கேட்டிருக்கிறோம்.

அந்த அம்மாவின் வக்கீலாக நான் எழுந்தேன். ஆனால் உடனே எழவில்லை. மூன்று நொடியோ நான்கு நொடியோ இருக்கும். "அப்ஜெக்‌ஷன் அய்யா, பிளீடிங்லயே இல்லாத விஷயம்" என்று நான் முடிப்பதற்குள் நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பிவிட்டார். "மறுக்கிறாங்க, போட்டுக்கம்மா" என்றார். கரிசனத்தோடுதான் சொன்னார். அந்த அம்மாவை அந்தக் கேள்வியிலிருந்து சீக்கிரம் கடத்திவிட வேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அந்த அம்மா மறுக்கவில்லை. எதுவுமே சொல்லவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு டயஸுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிவில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியபோதும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆட்சேபித்த கேள்வியைக் கோர்ட் அனுமதித்தால் கேள்வி, பதில், ஆட்சேபணை, அதன் மேல் கோர்ட்டின் முடிவு எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆவது கட்டளை, 11-ஆவது விதி சொல்கிறது. என் ஆட்சேபணை ஏறவில்லை. "ஏத்துங்க அய்யா" என்று அன்றே நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் அப்படி ஏற்றினால் பதில் என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பார்கள்?

அந்த வரியை நீக்கக் கோரி மனுப் போட்டேன். முதலில் 6-ஆவது கட்டளை, 16-ஆவது விதி என்று எழுதிக்கொண்டு போனேன். என் சீனியர் சிரித்தார். "அது பிராதுலயும் எதிருரையிலயும் இருக்கிற அசிங்கத்தை அடிக்கிறதுக்குப்பா. சாட்சியோட டெபொசிஷனுக்கு எங்க வருது? 151 போடு." உள்ளார்ந்த அதிகாரத்துக்கு அந்தச் சட்டத்தில் 151. வேடிக்கை என்னவென்றால், அநாகரிகமான கேள்வியைத் தடுக்கும் அதிகாரமும் பழைய சாட்சியச் சட்டத்தில் 151-தான். 2024 ஜூலை 1 முதல் அது புதுச் சட்டத்தில் 154 ஆகிவிட்டது.

எந்த வரியை நீக்க வேண்டும் என்று சொல்ல அந்த வரியை எழுதியாக வேண்டும். மனுவில் ஒரு முறை, அபிடவிட்டில் ஒரு முறை எழுதினேன். அந்த அம்மா கையெழுத்துப் போட வந்தபோது கூட்டிவந்தது இரண்டாவது மகன். குறுக்கு விசாரணை நாளில் அவர் கோர்ட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லை என்று அபிடவிட்டை வாங்கி அவர்தான் படித்தார். பாதியில் நிறுத்தினார். பிறகு மடித்து மேசையில் வைத்துவிட்டு, "எங்க கையெழுத்து சார்?" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "இதை எதுக்குத் தம்பி திரும்ப எழுதினீங்க?"

அழிக்கத்தான் என்றேன். சட்டப்படி அது சரியான பதில்தான்.

எதிர்த்தரப்பு கவுண்டர், அதாவது பதில் மனு, போட்டது. ஒரு வரியாக இருந்தது அதில் ஒன்றரைப் பக்கம் ஆனது. மனு விசாரணையில் நான் உச்ச நீதிமன்றத்தின் 1963-ஆம் ஆண்டு முகமது நயீம் தீர்ப்பை எடுத்தேன். கீழ்க்கோர்ட் ஒருவரைப் பற்றி எழுதிய கண்டனத்தை நீக்க மூன்று கேள்விகள்: அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு இருந்ததா, ஆதாரம் இருக்கிறதா, தீர்ப்புக்கு அது தேவையா. மூன்றும் நமக்குப் பொருந்துகிறது என்று பேசிக்கொண்டே போனேன்.

"வக்கீல் சார், அது ஜட்ஜ் எழுதினதைப் பத்தி. இது சாட்சி சொன்னது" என்றார் நீதிபதி.

இந்த இடத்துக்குத்தான் நான் திரும்பத் திரும்ப வருகிறேன். "சாட்சி சொல்லவில்லை அய்யா, நீங்கள் சொன்னது" என்ற வாக்கியம் முழுதாக என் நாக்கில் இருந்தது. மனுவுக்கு அதைவிடப் பலமான வாதம் கிடையாது. அதைச் சொல்லியிருந்தால் வரி அந்த நிமிடமே போயிருக்கும். மறுப்பும் கூடவே போயிருக்கும். "அப்படியானால் என்ன பதில் சொன்னார்?" என்று சீனியர் அண்ணன் எழுந்திருப்பார். சாட்சியைத் திரும்ப அழைக்க மனு வரும். அந்த அம்மா மறுபடி கூண்டில் நிற்பார், அதே கேள்விக்கு.

விழுங்கினேன். "சாட்சி மறுத்துத்தான் இருக்காங்க அய்யா, ஆனா கேள்வியே வந்திருக்கக் கூடாது" என்றேன்.

கட்சிக்காரரைக் காப்பாற்றினேன் என்று வீடு போகும் வழியில் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் பதிவில் பொய் இருக்கக் கூடாது என்று மனுப் போட்டவன், பதிவில் இருந்த இன்னொரு பொய்யை உறுதிப்படுத்திவிட்டு வந்திருந்தேன். அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது. அந்த மௌனம் அவமானமா, ஆத்திரமா, வேறு ஏதாவதா என்று நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதே அந்தச் சீட்டை எழுதிய கொழுந்தனாருக்குக் கிடைத்த வெற்றி. கேள்வி என்னிடமும் வேலை செய்துவிட்டது. எந்த 151-ஐ வைத்தும் அதை அடிக்க முடியாது.

மனு அனுமதிக்கப்பட்டது. ஏழாவது வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் சுருக்கொப்பம். கோட்டுக்குக் கீழே எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. நீக்க உத்தரவிட்ட உத்தரவின் இரண்டாவது பத்தியில் அந்த வரி முழுதாக, கோடில்லாமல் இருக்கிறது.

வழக்கு லோக் அதாலத்தில் சமாதானமாக முடிந்தது. சமாதான மனுவில் இரண்டு மகன்களுக்கும் நேரே தகப்பன் பெயராக ஒரே பெயர். அதன் கீழே கொழுந்தனாரும் கையெழுத்திட்டார். அவர் கை நடுங்கவெல்லாம் இல்லை. நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆவணங்களின் நகல் வாங்க இரண்டாவது மகன் வந்திருந்தார். "அந்த ஐ.ஏ. உத்தரவுக்கும் சேர்த்து நகல் மனு போடவா சார்?" என்று என் குமாஸ்தா கேட்டார். வரியை நீக்கிய இடைமனுவைத்தான் சொன்னார். அந்த மகன் எதிரே உட்கார்ந்திருந்தார். "அது அவங்களுக்கு வேண்டாம்" என்று நான் சொன்னேன். அவரைக் கேட்கவில்லை.