தஞ்சை ஸ்வார்ட்ஸ் ஐயர் நினைவுச் சிற்பமும் பளிங்குப் பராமரிப்பும்

1798 பிப்ரவரி 13-இல் மறைந்த ஜெர்மானியக் கிறிஸ்தவ மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயருக்காக, இரண்டாம் சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் செய்வித்த வெண்பளிங்குச் சிற்பம் தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய கிறிஸ்தவ ஆலயத்தில் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஐயர், அவர் கையைப் பற்றியபடி மன்னர், கட்டிலருகே சிறுவர்கள். மன்னர் ஆங்கிலத்தில் இயற்றிய கல்லறை வரிகள் அவரை அனாதைகளின் தகப்பன், விதவைகளின் ஆதரவு என்கின்றன. பதவியைப் பேசாமல் குணத்தைப் பேசுவதால், எனக்குச் சிற்பத்தைவிட அந்த வரிகளே பெரிது.

இப்படிப்பட்ட பளிங்கில் ஆசிட், வினிகர், எலுமிச்சை படவே கூடாது. பளிங்கு சுண்ணாம்புக் கல் வகை. அமிலம் பட்டதும் கரையும். விரல் நுனி, இமை, எழுத்தின் ஓரம்தான் முதலில் மழுங்கும். மென்மையான உலர் பிரஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினாலே பெரும்பாலும் போதும். அழுக்கு போகாவிட்டால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை உருட்டி எடுங்கள், தேய்க்காதீர்கள். சோப்பு படலமாகத் தங்கித் தூசியை இழுக்கும்.

அடிப்பகுதியில் கல் பொடிந்து உதிர்ந்தால், துடைத்துப் பயனில்லை. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா பாருங்கள். வெளியேற வழியில்லாத ஈரம் உப்போடு பளிங்குக்குள் ஏறும். சிமெண்டை உளியால் மெதுவாக எடுத்துவிட்டு சுண்ணாம்புக் காரையே பூச வேண்டும். இணைப்புகளில் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளிருக்கும் இரும்புப் பட்டை துருப்பிடித்து உப்புகிறது. கல் வெடிக்குமுன் சிற்பப் பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள்.