எழுதுகிற கை: போர்டு எழுதும் பட்டறையின் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

தையல் கடைக்கு ஒரு போர்டு. 8 அடிக்கு 3 அடி, ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கடைக்காரர் சொன்னது மூன்றே விஷயம்: பச்சை அடித்தளம், மஞ்சள் எழுத்து, பொங்கலுக்கு முன்னால் மாட்டியாக வேண்டும். எழுத்தின் தடிமன், இடைவெளி, புள்ளியின் வடிவம், நிழல் விழும் பக்கம், வால் முடியும் இடம் பற்றியெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்டர் வேலையில் நம் கற்பனைக்கு ஏது இடம் என்று தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. வாடிக்கையாளர் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த இடம்தான். அதை நாம் யோசித்துத் தீர்மானிக்காவிட்டால், அவசரம் தீர்மானித்துவிடும்.

முதல் நாள் முழுக்கத் தகடு வேலை. ஜி.ஐ. தகட்டில் நேராக எனாமல் அடித்தால் சில மாதங்களிலேயே தோல் உரிவதுபோல் உரிந்து வரும். மேலே பூசியிருக்கும் துத்தநாகம் எனாமலில் உள்ள எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகிவிடுவதுதான் காரணம். ஆகவே சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, காய வைத்து, இரண்டு டப்பாவாக வரும் வாஷ் பிரைமரைக் கலந்து மெல்லிசாக ஒரு கோட். அடியில் தகடு லேசாகத் தெரிய வேண்டும். கனமாக அடித்தால் அந்த பிரைமரே உதிரும். அதன்மேல் சாதா பிரைமர். நாளையும் மறுநாளும் பச்சை எனாமல், நாளுக்கு ஒரு கோட். நடுவில் 320 நம்பர் வாட்டர் பேப்பரால், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால், ஒரு தடவல். முதல் கோட் காயாமல் இரண்டாவதை ஏற்றினால் மேல் தோல் முந்திக்கொண்டு இறுகி, கிழவர் நெற்றிபோல் சுருங்கிவிடும்.

ஜனவரி 8

பச்சை காய்கிற நேரத்தில் தாளில் கணக்கு. பலகைக்கு 96 அங்குலம் அகலம், 36 அங்குலம் உயரம். பக்கத்துக்கு 8 அங்குலம் விட்டால் எழுத 80 அங்குலம் மிச்சம்.

‘தையலகம்’ என்ற சொல்லை எண்ணினால் ஐந்து எழுத்து. 80ஐ ஐந்தால் வகுத்து ஆளுக்கு 16 அங்குலம் என்று கட்டம் போடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. ‘தை’ நெருக்கியடித்து உட்காரும், ‘ம்’ ஊஞ்சலில் ஆடும். தமிழில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு. பட்டறையில் பங்குக் கணக்கு வைத்திருக்கிறோம்: க, ச, த, ப, ம, ய ஒவ்வொன்றும் 1 பங்கு, ல, ள, ன, வ, ஐகாரக் கொம்பு 1¼, ண, ஞ 1¾, துணைக்கால், ர இரண்டும் ஏறக்குறைய 0.6. இந்தக் கணக்கில் தையலகம் 6½ பங்கு. 80ஐ 6½ஆல் வகுத்தால், எழுத்தும் இடைவெளியும் சேர்ந்து ஒரு பங்குக்கு 12 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். கணக்கு இதோடு முடிந்தது. ‘ல’வுக்குப் பக்கத்தில் ‘க’வைக் கொஞ்சம் ஒட்டி வைப்பதா, தள்ளி வைப்பதா என்பதைக் கண்தான் சொல்லும். பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எழுத்து மறைந்து கறுப்பு வெள்ளைத் திட்டுகள் மட்டும் தெரியும். திட்டுகள் சீராக இருந்தால் சரி.

உயரத்தில் இன்னொரு பொறி. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரு பட்டைக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு மேலே விசிறியும் (‘தி’, ‘தீ’யின் மேல்வளைவு) புள்ளியும், கீழே உகரச் சுழியும் உண்டு. மேலும் கீழும் 4 அங்குலம் விட்டால் மிச்சம் 28. புள்ளிக்கு 3, தையலகம் உடலுக்கு 12, வரிகளுக்கு நடுவில் 4. ‘சட்டை, சுடிதார் தைக்கப்படும்’ என்ற இரண்டாம் வரிக்கு 9: அதில் விசிறிக்கு 2, உடலுக்கு 5, ‘சு’வும் ‘டு’வும் இறங்க 2. பட்டை முழுக்க உடலையே எழுதிவிட்டு, கடைசியில் ‘தி’யின் விசிறியைச் சப்பையாக மடக்கியிருக்கும் போர்டுகள் தெருவுக்கு ஒன்று உண்டு.

படிக்கும் தூரத்துக்குப் பழைய கணக்கு போதும்: ஓர் அங்குல எழுத்துக்குப் பத்தடி. 5 அங்குலம் என்றால் எதிர்ச்சாரியிலிருந்து படிக்கலாம்.

தாளில் மாதிரி 1 அடிக்கு 1 அங்குலம் என்ற அளவில் போட்டது. கடைக்காரரிடம் இரண்டு மாதிரி மட்டும் காட்ட வேண்டும். மூன்று காட்டினால் ஒன்றின் தலையையும் மற்றொன்றின் காலையும் ஒட்டித் தரச் சொல்வார்கள். அது யாருடைய எழுத்தாகவும் இருக்காது.

ஜனவரி 10

சாக்பீஸ் தேய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். எழுத்தின் எலும்பை மட்டும் சாக்பீஸால் லேசாகப் போட்டால் போதும். அழுத்திப் போட்டால் பெயின்டில் தூள் கலந்து ஓரம் மணல்மணலாக வரும்.

பச்சைமேல் மஞ்சள் நேராக மூடாது, அழுக்கு நிறமாகத் தெரியும். ஆகவே இன்று எழுத்து முழுக்க வெள்ளையில், நாளை அதன்மேல் மஞ்சள். எனாமலில் டர்பன்டைன் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். கூடினால் பிரஷ் சுகமாக ஓடும், ஆனால் மூடாது, வழியவும் செய்யும்.

காலையில் எட்டு மணிவரை பிரஷைத் தொடவில்லை. தை நெருங்கும் பனியில் தகடு கைக்கு ஈரமாகப் படும். அந்த நேரம் எழுதினால் பளபளப்பு போய் வெளுத்துப் பூத்துவிடும். சாயங்காலமும் நான்கு மணிக்குள் கை எடுத்துவிட வேண்டும்.

தட்டைப் பிரஷ் ஒரு அங்குலம். எழுதத் தொடங்குமுன் பிரஷின் சாய்வைத் தீர்மானித்து, போர்டு முடியும்வரை அதை மாற்றக் கூடாது. கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்துப் பிடித்தால் வளைவுகளில் தடிப்பும் மெலிவும் தாமாக வந்து விழும். ஒருவர் எழுத்தையும் இன்னொருவர் எழுத்தையும் பிரித்துக் காட்டுவதில் பாதி இந்தச் சாய்வுதான். ஒரே போர்டை இருவர் எழுதினால் சேர்ந்த இடம் ஒட்டுத்துணி மாதிரி தெரியும். ஓரக்கோடு ஒருவர், உள்ளே நிரப்புவது மற்றவர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தடிமன்: உடல் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2 அங்குலம். ண, ஞ வரும் சொல்லென்றால் இன்னும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சுழி அடைபட்டுப்போகும்.

ஜனவரி 12

நிழல் இன்று. வெளிச்சம் வலது மேலிருந்து வருவதாக வைத்து, இடது கீழே கறுப்பு. எழுத்தை ஒட்டிப் போடாமல் கால் அங்குலம் பச்சையை விட்டுத் தள்ளிப் போட்டது. தள்ளிய நிழலில் எழுத்தின் ஓரம் கெடாது, வேலையும் வேகமாக நடக்கும். அகலம் எழுத்துத் தடிமனில் மூன்றில் ஒன்று. ஒரு போர்டில் வெளிச்சம் இரண்டு பக்கமிருந்து வந்தால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

பிறகு ‘ம்’மின் புள்ளி. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லியும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை இடாமலே விட்டார்கள். பலகையில் எழுதும் நாம் அப்படி விட வேண்டியதில்லை. எழுத்தின் மற்ற பாகங்களை இஷ்டத்துக்கு வளைத்தால் படிப்பவர் தடுமாறுவார். புள்ளி உருண்டையாக, சாய்சதுரமாக, நீர்த்துளியாக, வெறும் வளையமாக எப்படியிருந்தாலும் புள்ளிதான். இவ்வளவு சுதந்திரம் தரும் இடம் தமிழ் எழுத்தில் வேறில்லை. இந்தத் தையல் கடைக்குச் சட்டைப் பொத்தான்: மஞ்சள் வட்டம் 2 அங்குலம், உள்ளே பச்சையில் நான்கு பொட்டு. இரண்டாம் வரியின் சிறிய புள்ளிகளில் பொட்டு வைக்கவில்லை. எல்லாப் புள்ளியிலும் வைத்தால் வேடிக்கை ஆகிவிடும், ஒன்றில் வைத்தால் கண்டுபிடிப்பவருக்குச் சந்தோஷம்.

சொந்தமாக ஒன்றைச் சேர்க்க ஒரு போர்டுக்கு இருபது நிமிடம் என்று வரையறை வைத்துக்கொள்வது நல்லது. கூலியும் கெடுவும் அதைத் தாங்கும். இருபது நிமிடம் சின்னதுதான். ஆனால் தினமும் விடாமல் செய்தால் கை பழகும்.

ஜனவரி 13

போர்டு மாட்டியாயிற்று. சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணியால் துடைப்பது பெயின்ட் நன்றாக இறுகிய பிறகுதான். பொங்கல் கழித்துப் போய்த் துடைக்க வேண்டும்.

ஜனவரி 18

டீக்கடைச் சுவர். சுண்ணாம்பு அடித்த சுவரில் எனாமல் எழுதினால் சுண்ணாம்போடு பெயர்ந்து வரும், அதன் காரமும் எண்ணெயைத் தின்றுவிடும். கரண்டியால் சுரண்டி, தூசி தட்டி, சிமென்ட் பிரைமர் அடித்து, எழுத்தை எமல்ஷனில் எழுதியது. எமல்ஷன் சீக்கிரம் காயும், பிரஷின் அடிமுடியில் கட்டிக்கொள்ளும். நாலு எழுத்துக்கு ஒருமுறை தண்ணீரில் அலச வேண்டும். மேற்குப் பார்த்த சுவர் என்பதால் மதியத்துக்குமுன் முடித்தாயிற்று. சூடான சுவர் பிரஷை இழுக்கும்.

ஒற்று பற்றியும் ஒன்று. கொடுத்த சீட்டில் ‘தேநீர் கடை’ என்றிருந்தது. ‘தேநீர்க் கடை’தான் சரி என்று காட்டிச் சம்மதம் வாங்கி எழுதியது. எழுதும் வாசகத்தைத் தாளில் எழுதி, கடைக்காரர் கையெழுத்து வாங்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. ஒரு ‘க்’ சேர்ந்தால் பங்குக் கணக்கும் மாறுமே.

ஜனவரி 23

அரிசி ஆலையின் பழைய போர்டு, மறுபடி எழுத வந்திருக்கிறது. ‘ஆலை’யில் தும்பிக்கை வைத்த லை, ‘விற்பனை’யில் அதே மாதிரி னை. பெரியார் 1935இல் ‘குடியரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்தை 1978இல் தமிழக அரசு ஆணையாக்கியது. 13 எழுத்துகள் மாறின. இந்தப் பலகை அதற்கு முந்திய கை.

புதிய லை போட்டுவிடலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே எங்கள் பதில். அந்தத் தும்பிக்கை ‘ல’வின் தலையைத் தாண்டி இடது பக்கம் வளையும் விதத்தில் எழுதியவரின் மணிக்கட்டு தெரிகிறது. முதலில் டிரேசிங் தாள் வைத்து முழுப் பலகையையும் பிரதி எடுத்தோம். பிறகு ஓரமாக 400 நம்பர் தாளில் நனைத்துத் தேய்த்தால் அடியில் பழைய வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். எந்த அடுக்கின்மேல் எழுதுவது என்று தீர்மானித்தபின்தான் மீதியைத் தேய்க்க வேண்டும். இங்கே நம் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. இன்னொருவர் கையைக் காப்பாற்றுவதும் நேர்மையான வேலைதான்.

இதற்கு நேர்மாறான ஆர்டர்களும் வருகின்றன. புதுப் போர்டை எழுதி, உப்புத்தாளால் தேய்த்து, அறுபது வருஷப் பழசுபோல் ஆக்கித் தரச் சொல்கிறார்கள். அதை எடுப்பதில்லை. பழைய காலத்து எழுத்து வடிவம் வேண்டுமென்றால் மனமார எழுதித் தரலாம், ஆனால் அது இன்று எழுதியதாகவே இருக்கட்டும்.

ஜனவரி 30

போனில் ஒரு ஃபான்ட்டைக் காட்டி இப்படியே வேண்டும் என்று கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. எலும்பையும் தடிமனையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் பிரஷிடம் விட்டுவிட வேண்டும். பொட்டு விடாமல் நகல் எடுத்தால் அச்சின் கச்சிதமும் இருக்காது, கையின் உயிரும் இருக்காது.

தினமும் கால் மணி நேரம் பழைய செய்தித்தாளில் பயிற்சி. தாளைத் தலைகீழாக வைத்தால் அச்சு வரிகளே கோடாக உதவும். முதலில் ட, ப, ம. அடுத்து க, ச, த. பிறகு ல, ன, ண. கடைசியாகத்தான் ழ.

பிப்ரவரி 4

‘பழக்கடை’. கீழே ஆங்கிலமும் கேட்டார்கள். கடைப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் 5:3:2. இரண்டு மொழிதான் என்பதால் 24 அங்குலத்தில் தமிழுக்கு 15, ஆங்கிலத்துக்கு 9.

ழவின் வாலுக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. உடல் முடிந்ததும் பிரஷை எடுத்துவிட்டுப் புதிதாகத் தோய்க்க வேண்டும், பாதி வாலில் பெயின்ட் தீர்ந்தால் ஒட்டு தெரியும். தோய்த்ததைத் தட்டில் இரண்டு பக்கமும் தடவி முனையை உளியாக்க வேண்டும். இடது கையில் துணிப்பந்து கட்டிய மூன்றடிக் கோல், அதன்மேல் வலது மணிக்கட்டு. வலது ஓரத்திலிருந்து இறங்கும்போது அழுத்தம் முழுசாக. அடியில் இடப்பக்கம் திரும்புகிற இடத்தில் கையை வளைக்கக் கூடாது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிரஷின் காம்பை உருட்ட வேண்டும். உருட்ட உருட்ட முடி தானாகத் திரும்பும். முடிவில் மூச்சை விட்டபடி தூக்கினால் மயிரிழையாக முடியும். நிறுத்திவிட்டுத் தூக்கினால் குமிழ் விழும்.

‘க்’ பக்கம் இடம் இல்லாததால் வால் இடது பக்கம்தான் போக முடியும், ‘ப’வின் அடியில். ‘ப’வை முழுக்கத் தாங்குகிற மாதிரி நீட்டிப் பார்த்தோம், கூடைபோல வந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை தலையாட்டினார்.

பிப்ரவரி 5

கையெழுத்து: வலது கீழ் மூலை, முக்கால் அங்குல உயரம், நிழலின் நிறத்திலேயே. கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். போன் நம்பர் போட்டால் அது நம் விளம்பரமாகிவிடுகிறது. பெயர் மட்டும் போதும்.

பலகையின் பின்பக்கம் பென்சில் அழியும், அதனால் சின்னப் பிரஷால் எழுதிவைத்தது: தேதி, பிரைமர் வகை, எத்தனை கோட், பச்சையில் கறுப்பு எத்தனை கரண்டி கலந்தது. பத்து வருஷம் கழித்து வேறு யாராவது தொட்டு எழுதினால் நிறம் ஒத்துப்போகும்.

பிரஷ்களை மண்ணெண்ணெயில் மூன்று அலசல் அலசி, துணியில் ஒற்றி, விளக்கெண்ணெய் தடவிப் படுக்க வைத்தாயிற்று. ஆளிவிதை எண்ணெய் தடவக் கூடாது. அது காய்கிற எண்ணெய், ஒரு வாரத்தில் முடியைக் கட்டையாக்கிவிடும்.