மஞ்சள் கேபிளைக் கழற்றினால் நெட் வருகிறது

ரூட்டரில் டீஃபால்ட் ரூட் போடுவது ஒரே வரி வேலை. 0.0.0.0/0 (எந்த முகவரியானாலும் என்று பொருள்) என்று எழுதி அடுத்த கேட்வேயின், அதாவது வெளியே போகும் வாசலான பெட்டியின், முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. தன் டேபிளில், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலில், வேறு எதனோடும் பொருந்தாத பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) எல்லாம் ரூட்டர் அந்தப் பக்கம் தள்ளிவிடும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்வது இது. ஆனால் எனக்கு வரும் "நெட் இல்லை" புகார்களில் பல இந்த ஒரு வரியில்தான் போய் நிற்கின்றன.

அந்த வரியே இல்லையென்றால் கவலையில்லை. சிஸ்கோ ரூட்டரில் 'ஷோ ஐபி ரூட்' அடித்தால் 'கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் இஸ் நாட் செட்' என்று அதுவே சொல்லிவிடும். சிலர் 'ஐபி டீஃபால்ட்-கேட்வே' கட்டளையைக் கொடுத்துவிட்டு, "அதான் கேட்வே போட்டாச்சே" என்பார்கள். அது ரூட்டிங் அணைக்கப்பட்ட பெட்டிகளுக்கானது. ரூட்டிங் ஓடும்போது ரூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. உயிரை எடுப்பவை, வரி சரியாக இருந்தும் நெட் போகாத இடங்கள்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். ஃபைபர் ஒன்று, அது போனால் ரேடியோ லிங்க் என்று இரண்டு இணைப்புகள். ஃபைபர் பக்கம் போகும் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு (கையால் எழுதி வைத்த வழி) டிஸ்டன்ஸ், அதாவது முன்னுரிமை எண், 1, ரேடியோ பக்கத்துக்கு 250. எண் குறைந்தது டேபிளில் உட்காரும். அது விழுந்தால் மற்றது ஏறும். கான்ஃபிகரேஷனைப் படித்தால் குறையே சொல்ல முடியாது. ஆனாலும் எங்கேயாவது ஜேசிபி பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தால் ஆபீஸ் மொத்தமும் படுத்துவிடும். ரேடியோ லிங்க் மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு சும்மா நிற்கும்.

அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பையன் போனில் சொன்னான்: "சார், அந்த மஞ்சக் கேபிளைக் கழட்டி விட்டா நெட் வந்துருதுங்க. திரும்ப மாட்டினா போயிருதுங்க."

இதற்கு மேல் சரியான ரிப்போர்ட் எந்த இன்ஜினியரும் தர முடியாது. ஃபைபர் நேராக ரூட்டருக்கு வருவதில்லை. சுவரில் இருக்கும் மீடியா கன்வெர்ட்டருக்கு (ஃபைபரின் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) வந்து, அங்கிருந்து சாதாரண ஈத்தர்நெட் கேபிளில், அதாவது அந்த மஞ்சள் கேபிளில், ரூட்டருக்கு வருகிறது. ரோட்டில் ஃபைபர் அறுந்தாலும் கன்வெர்ட்டருக்குக் கரண்ட் இருக்கிறது, ரூட்டர் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. ஸ்டாட்டிக் ரூட்டுக்கு அது போதும். பாலம் உடைந்த பிறகும் ஊர்ப் பலகை அதே பக்கம் அம்புக்குறி காட்டுவதைப் போல, டிஸ்டன்ஸ் 1 டேபிளை விட்டு இறங்காது. மஞ்சள் கேபிளைக் கழற்றினால்தான் போர்ட் செத்து, 250க்கு வாய்ப்பு வருகிறது.

ஃபைபர் ரூட்டோடு ஐபி எஸ்எல்ஏ டிராக்கிங்கைக் கட்டினேன். வெளியே உள்ள ஒரு முகவரியை ரூட்டர் விடாமல் பிங் செய்யும், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும். பதில் நின்றால் ரூட்டை எடுத்துவிடும். மைக்ரோடிக் என்ற இன்னொரு கம்பெனி ரூட்டரில் 'செக்-கேட்வே' என்று ஒன்று இருக்கிறது. அது பொதுவாகக் கேட்வேயை மட்டும்தான் தட்டிப் பார்க்கும், அதைத் தாண்டி என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது.

டிராக்கிங்கிலும் ஒரு கண்ணி உண்டு. ஃபைபர் போகிறது, ரூட் எடுபடுகிறது, அப்புறம் அதே பிங் ரேடியோ வழியாகப் போய்ப் பதில் வாங்கி வந்துவிடலாம். உடனே ரூட்டர் ஃபைபர் பிழைத்துவிட்டதென்று பழைய ரூட்டை ஏற்றும், பிங் மறுபடி சாகும். இப்படி மாறி மாறி ஆடும். அதனால் அந்தப் பிங் முகவரிக்கு மட்டும் தனியாக ஒரு /32 ரூட் எழுதி, ஃபைபர் பக்கமே போகும்படி கட்டிப்போட வேண்டும்.

எந்த முகவரி? எல்லாருடைய கையும் கூகுளின் 8.8.8.8 என்றே எழுதும். வேறொரு இடத்தில் அப்படி எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். டிராக்கிங் ஒழுங்காக வேலை செய்தது, ரேடியோவுக்கு மாறியது, ரூட்டரிலிருந்து பிங் போனது, ஆனால் ஒருவருக்கும் ஒரு வெப்சைட் திறக்கவில்லை. டிஹெச்சிபி (கம்ப்யூட்டர்களுக்கு நெட் அமைப்புகளைத் தானே பங்கிடும் வசதி) எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் டிஎன்எஸ் (வெப்சைட் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) என்று கொடுத்திருந்ததும் அதே 8.8.8.8 தான். அது அறுந்த ஃபைபரோடு கட்டப்பட்டிருக்கிறது, பெயர் கேட்டால் யார் பதில் சொல்வது? ஆபீஸில் யாரும் பயன்படுத்தாத முகவரியாக, முடிந்தால் சர்வீஸ் கொடுப்பவரின் நெட்வொர்க்கில் கேட்வேயைத் தாண்டி உள்ள ஒன்றாக, எடுப்பதுதான் நல்லது.

திருப்பூரில் இணைப்பைப் போட்டுக்கொடுத்தவர்களின் ஒப்படைப்புத் தாளில் 'ஃபெயில்ஓவர் சோதிக்கப்பட்டது' என்று இருந்தது. பொய்யில்லை. ரூட்டரில் இருந்த கேபிளைப் பிடுங்கிச் சோதித்திருப்பார்கள், அந்தச் சோதனை எப்போதும் பாஸ் ஆகும். நான் கன்வெர்ட்டரின் ஃபைபர் பேட்ச் கார்டை உருவினேன். பிங் 5 வினாடிக்கு ஒரு முறை, டவுன் டிலே (பதில் நின்ற பிறகு ரூட்டை எடுக்கக் காத்திருக்கும் நேரம்) 15 வினாடி, அதனால் ரேடியோவுக்கு மாற ஏறக்குறைய 20 வினாடி பிடித்தது. திரும்பி வருவதற்கு 60 வினாடி கொடுத்திருந்தேன். விட்டு விட்டு வரும் ஃபைபரை உடனே நம்பக் கூடாது.

முதலாளி அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு பையரோடு வீடியோ காலில் இருந்தார். கால் அறுந்தது. "இதுக்குத்தானுங்க ரெண்டு லைன் வாங்குனோம்?" என்றார். இங்கே லைன் மாறினால் நாட் செய்யும் பொது ஐபியும், அதாவது ஆபீஸ் மொத்தமும் வெளியே காட்டிக்கொள்ளும் முகவரியும், மாறும், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகள் அறுந்துவிடும், திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பாதிதான் ஒத்துக்கொண்டார். பையன் மட்டும், ராத்திரி ஷிஃப்ட்டில் இனிமேல் தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான்.